செவலைப் பசு மெமரியில் படுத்த கதை

ஏனுங்க, மடித்து வைத்த துணி பீரோவில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை உங்களுக்கு வாய்த்திருக்கிறதா? எருத்தேன்பதிப் பக்கம் ஒரு பால் சொசைட்டியில் எனக்கு வாய்த்தது. ஒவ்வொரு மாட்டின் பால் கணக்கையும் டேட்டாபேஸில் சுருக்கி வைத்திருக்கிறோம். அது சர்வரின் மெமரியில் எவ்வளவு பிடிக்கிறது என்று கண்காணிப்பதுதான் என் பிழைப்பு. இதே பாடு படுகிறவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்.

பாதி மெமரி

பிரசிடெண்ட் ஐயாவுக்கு ஒரு நாள் விளக்கிச் சொன்னேன். சுருக்கிய கணக்கு டிஸ்க்கில் சின்னதாகக் கிடக்கும். யாராவது கேட்டால்தான் மெமரிக்கு வந்து விரிந்து உட்காரும். எங்கள் பாப்பாவின் பட்டுப்பாவாடை மாதிரி. மடித்தால் ஒரு சாண், போட்டுவிட்டால் வீடு நிறைய. ஐயா வெகு கவனமாகத் தலையாட்டினார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு கண்ணு. அதான் சுருங்கிருச்சல்ல, மிச்ச மெமரியக் கழட்டி என்ற மருமகன் கடைக் கம்ப்யூட்டருக்குப் போட்டுக்கலாமா?"

உற்றுப் பார்க்கும் வேலை

மாட்டுச் சந்தைக்கு முந்தின நாளானால் மெமரி அடைத்துக்கொள்ளும். சர்வர் நிற்கும், பாலைச் சோதிக்கும் மெஷின் நிற்கும், வெயிலில் கேன்கள் நிற்கும். இன்னொரு தடவை நின்றால் என் வேலையை டவுன் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக ஐயா சொல்லிவிட்டார். ஆபீஸுக்கு நேர் எதிரே அங்கன்வாடி. பாப்பா அழுதால் எனக்குக் கேட்கும். இப்படி ஒரு வேலை இனி எங்கே கிடைக்கும்?

திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் ஊற்ற வந்த ராமாத்தாக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, உத்துப் பாத்தாக் கொறையுமா? நானுந்தான் கலியாணமானதுல இருந்து என்ற ஊட்டுக்காரரு தொப்பையப் பாக்கறேன்."

துண்டுக்குள் கை

கடைசியில் பிடித்துவிட்டேன். மெமரியில் விரிந்து கிடந்ததெல்லாம் செக்ரட்டரி கருப்புசாமி அண்ணன் திறந்த ரிப்போர்ட்டுகள். வேலந்தாவளம் சந்தைக்குப் போகிற மாட்டின் முழுப் பால் சரித்திரத்தையும் வாங்குகிறவருக்குத் திறந்து காட்டுவார். மூடவே மாட்டார். மூடாதவரை அது மெமரியை விடாது.

"பாத்து முடிச்சா மூடக்கூடாதுங்ளாண்ணா?"

அண்ணன் அதிர்ந்துபோனார். சந்தையில் கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் அல்லவா? "வெலை படியறதுக்கு முன்னால மூடினா, துண்டுக்குள்ள இருந்து கைய உருவற மாதிரியல்ல அம்மிணி? அப்பறம் மாடு எப்புடி விக்கும்?"

"மாடு விக்கறதுக்குள்ள என்ற வேலை போயிருமுங்ணா."

யோசித்தோம். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அவர் செல்போனில் படம் எடுத்துக் கொடுத்தேன். செல்போனை பயபக்தியாகத் துண்டால் மூடிக்கொண்டு, கம்ப்யூட்டரில் மூடச் சம்மதித்தார். மூட மூட மெமரி இறங்கியது. அன்று மெஷினும் நிற்கவில்லை, என் வேலையும் போகவில்லை.

இருந்தாலும் இன்றைக்கும் எங்கள் மெமரியில் ஒரு மாடு மட்டும் படுத்தே கிடக்கிறது, ஏனென்றால் கடைசி ரிப்போர்ட்டில் கை வைத்தபோது அண்ணன் கேட்டது இதுதான்: "அம்மிணி, இந்தச் செவலைய மட்டும் எழுப்பாதீங்க, பாவம், செனை மாடு."