என் அப்பாவின் கண்ணைப் பறித்த ரோசக்கா

ரோசக்கா போயிட்டாங்க. காலையில குளுவாங் டவுன்ல அவங்க மக வீட்டுல... இப்பதான் போன் வந்துச்சு.

என் அப்பாவோட இடது கண்ணைப் பறிச்சவங்க இவங்கதான். ஆமா, சரியாத்தான் படிக்கிறீங்க.

ஜப்பான்காரன் வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடி. காஹாங் பக்கத்துல ரப்பர் தோட்டம், அப்பா அங்க ஆளுங்களை வேலை வாங்குற கங்காணி. மேல் லயத்து வரிசை வீட்டுல நாங்க, கீழ் லயத்துல ரோசக்கா குடும்பம்.

தொரை புதுசா செப்டிக் டேங்க் கட்டினார். மேல் லயத்துக் கக்கூஸ் எல்லாம் அதுல போய்ச் சேரும், தெளிஞ்ச தண்ணி கீழ ஓடையில விழும். அந்த ஓடைதான் கீழ் லயத்துக்குக் குடிதண்ணி.

டேங்க் மாரியம்மன் கோயில் பக்கத்துல. நாத்தம் வரக்கூடாதுன்னு அப்பா தினமும் டின் டின்னா பினாயில் ஊத்தினார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கொடுக்குற டிரஸ்ஸர் எல்லார் முன்னாடியும் சொன்னார். "கங்காணி, ஊத்தாதீங்க. உள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்கதான் அசிங்கத்தைத் தின்னு தீர்க்குது. அது செத்தா மலம் அப்படியே ஓடைக்குப் போகும்."

அப்பா சிரிச்சார். "பூச்சி வளர்க்கவா தொரை டேங்க் கட்டினாரு?"

கொஞ்ச நாள்ல கீழ் லயத்துல வயித்துப்போக்கு. ரோசக்காவோட தம்பி சூசை... நடக்கப் பழகின பிள்ளை. ரத்தமாப் போயே செத்தான்.

அடக்கம் பண்ணிட்டு ரோசக்கா நேரா டேங்குக்கு வந்தாங்க. அப்பா கையில இருந்த டின்னைப் பிடுங்கி, மூஞ்சியிலேயே கவுத்தாங்க.

அப்பா அலறினது இன்னும் என் காதுல இருக்கு. கீழ விழுந்தவரை வெறும் டின்னால மண்டையிலயே அடிச்சாங்க. "என் தம்பி குடிச்சான்ல... நீயும் குடிடா!"

அப்போ அவங்களுக்குப் பதிமூணு வயசு இருக்கும்.

மேஸ்திரி வேலை பார்த்த மண்டோரும் அவன் ஆளுங்களும் ரோசக்காவை முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டு மிதிச்சாங்க. மண்டோர் அவங்க வலது கையைக் கல்லு மேல வச்சு பூட்ஸால நசுக்கினான். விரல் ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு.

அன்னைக்கே குடும்பத்தோட தோட்டத்தை விட்டு விரட்டிட்டாங்க. அதுக்கப்புறம் டிரஸ்ஸர் டேங்கைக் கழுவி, சாணியைக் கரைச்சு ஊத்தி, மறுபடி உயிர் கொடுத்தார்.

கீழ் லயத்துல வயித்துப்போக்கு நின்னுச்சு. அதைப் பார்க்க ரோசக்கா அங்க இல்ல.

ரொம்ப வருஷம் கழிச்சு குளுவாங் மார்க்கெட்ல பார்த்தேன், மீன் வித்துக்கிட்டு இருந்தாங்க. கோணிப் போன ரெண்டு விரலை வச்சே செதில் எடுத்தாங்க.

"கங்காணி எப்படி இருக்காரு?"

"ஒத்தக் கண்ணோட பேப்பர் படிக்கிறாருக்கா."

"படிக்கட்டும். சூசைதான் பள்ளிக்கூடமே பார்க்கல."

மன்னிப்பு அவங்களும் கேட்கல, நானும் கேட்கல. மீனை வாங்கிட்டுப் போய் அப்பாவுக்கு வறுத்துக் கொடுத்தேன், யார்கிட்ட வாங்கினேன்னு சொல்லல.

எனக்கு அப்பாவை ரொம்பப் பிடிக்கும், இப்பவும். ஆனா அந்தக் கண்ணுக்காக ரோசக்கா மேல ஒருநாளும் கோபம் வந்ததில்ல. மண்டோர் மேலதான் இன்னும் கொதிக்குது.

இன்னைக்கு அவங்க மககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். நாளைக்குச் சவப்பொட்டி கிளம்பினதும் வாசலை வெறும் தண்ணி ஊத்திக் கழுவும்மா... பினாயில் வேணாம்.

"தெரியும் அங்கிள். எங்க வீட்டுல அது வாங்கினதே இல்ல"ன்னா.

போய்ட்டு வாங்க ரோசக்கா. சூசையைக் கேட்டதாச் சொல்லுங்க.