பின்சக்கரத்தின் மேல் சந்தேகம்

முத்தாண்டிக்குப்பத்தைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ரோடு லேசாக வளைகிற இடம். பலாப்பழம் ஏற்றிய மொபெட் ஒன்று தோப்புப் பாதையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் ரோட்டில் ஏறியது. நான் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சுற்றியது. பின்பக்கம் வலப்புறமாக விலகி, முன்பக்கத்தை முந்திக்கொண்டு அரை வட்டம் அடித்தது. வந்த திசையையே பார்த்தபடி நின்றோம். பக்கத்தில் இருந்த என் கணவர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தார். மொபெட்காரர் ஒரு காலை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தார்.

"என்னாங்க, திரும்பிப் போறீங்களா?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மழை இல்லை, ரோட்டில் மணல் இல்லை. வெயிலில் காய்ந்த தார் ரோடு. அதனால்தான் எனக்கு உடனே அந்த மெக்கானிக்கின் முகம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு நாள் முன்புதான் அவர் பின் பிரேக்கைப் பிரித்து வேலை செய்திருந்தார்.

எங்கள் வண்டி இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, துணிக்கூரை, கம்பிச் சக்கரம். புதுச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டு ஷெட்டில் தூசி மூடிக் கிடந்ததை நான் பிடிவாதமாக வாங்கி வந்தேன். நான் அப்போது நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இன்ஜினியர். கணவர் டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் வாட்ஸ்ஆப் புதிதாக வந்திருந்த சமயம். நான் அந்தக் காரில் பிளாக்கைச் சுற்றி வந்த படம், நான் வீடு திரும்புவதற்குள் எங்கள் செக்‌ஷன் குரூப்பில் வந்துவிட்டது.

முன் பிரேக்கை நானே பார்த்துக்கொண்டேன். லண்டனில் இருக்கும் சித்தி மகன் மூலமாக, பந்தயக் கார்களுக்குப் போடும் பிரேக் பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கைக் கவ்விப் பிடிப்பது, வரவழைத்து நானே மாட்டினேன். பின் பிரேக்கில் ஆயில் கசிந்தது. அந்த வேலைக்குத்தான் முத்தாண்டிக்குப்பத்து ஷெட்டுக்குப் போனேன். அங்கே பஸ்களுக்கு பிரேக் வேலை செய்கிற ஒரு மெக்கானிக் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். பிரேக் சிலிண்டரும், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவும் புதிதாக மாட்டிக் கொடுத்தார்.

ஓடுகிற வண்டியை நிறுத்தும்போது அதன் எடை முன்னால் சாயும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற யாருக்கும் இது தெரியும். முன்சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடிக்கும், பின்சக்கரங்கள் லேசாகிவிடும். ஆகவே நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு, மிச்சம்தான் பின்னுக்கு. இந்தப் பங்கு மாறி, லேசான பின்சக்கரம் முதலில் சுழலாமல் நின்றுவிட்டால் அது வழுக்கும். வழுக்குகிற பின்பக்கம் முன்னால் போகப் பார்க்கும். இன்றைய கார்களில் இதைக் கவனிக்கக் கருவி இருக்கிறது. அந்தக் காலத்து வண்டியில் அதைச் செய்தவர்கள் தீர்மானித்த சிலிண்டர் அளவைத் தவிர வேறு காவல் கிடையாது.

எனவே என் கணக்கு எளிமையாக இருந்தது. பின் பிரேக் அளவுக்கு மேல் பிடிக்கிறது. அதைத் தொட்டது அவர்.

மறுநாள் செக்‌ஷனில் சொன்னேன். என்னோடு வேலை செய்த சீனியர் ஒருவர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்.

"அந்த ஆள் எந்த ஊர்?"

"வளையமாதேவின்னு சொன்ன ஞாபகம் சார்."

"அப்ப நல்லா யோசிங்க மேடம். மைன்ஸுக்கு நிலம் போற ஊரு. நீங்க இங்க பெர்மனென்ட்டுனு அவனுக்குத் தெரியுமா?"

தெரியும். நானே சொல்லியிருந்தேன். பிரேக் வேலை நடக்கும்போது மெக்கானிக் கேட்டார்: "மைன்ஸ்ல எந்தப் பக்கம் மேடம்? எங்க ஊரு பக்கம் வெட்டிக்கினு வராங்களே, அதா?" அன்றைக்கு அது சும்மா பேச்சாகத்தான் இருந்தது. இப்போது அந்தக் கேள்வி என் காதில் வேறு மாதிரி ஒலித்தது. நான் பதில் சொன்னதும் அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தார் அல்லவா? ஏன் சும்மா இருந்தார்? கழற்றிய பழைய சிலிண்டர்களை ஏன் என்னிடம் கொடுக்கவில்லை?

பிரேக் ஆயில் வாங்குகிற சாக்கில் அவருடைய ஷெட்டுக்குப் போனேன். பேச்சுவாக்கில் கேட்பதுபோல் பழைய சிலிண்டர்களைப் பற்றிக் கேட்டேன்.

"காயலான்கடைக்குப் போட்டுட்டேங்க. வேணும்னா அன்னிக்கே கேட்டிருக்கலாமே," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "இன்னா, எதுனா பிரச்சினையா?" என்றார்.

"ஒண்ணுமில்லை," என்றேன். அந்த ஒரு பொய்யை நான் சொல்லாமல் இருந்திருந்தால் மற்றதெல்லாம் நடந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பிளாக் கடைசியில் ஆளில்லாத ரோடு ஒன்றில் சோதனை செய்தோம். நான்கு டயரின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். கணவர் ரோட்டோரம் நின்று, எந்தக் கோடு முதலில் சுற்றாமல் நிற்கிறது என்று பார்த்தார். மெதுவான வேகத்தில் ஆறு முறை மிதித்தேன். ஆறு முறையும் பின்சக்கரம்தான் முதலில் நின்றது.

ஆபீஸிலிருந்து வெர்னியர் அளவுகோலைக் கொண்டுவந்து பின் சிலிண்டரை அளந்தேன். அளவு சரியாக இருந்தது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அளவு சரியாக இருந்தது என் சந்தேகத்தை இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஆக்கியது. அப்படியானால் ஷூவில் ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்தேன். தெரியாமல் செய்கிறவர் அளவில் தப்பு விடுவார். தெரிந்து செய்கிறவர் அளவைச் சரியாக வைத்துவிட்டுத்தானே செய்வார்!

"அவர்கிட்டயே கேட்டுடேன்," என்றார் கணவர்.

கேட்டேன். கேட்ட விதம்தான் தப்பு. நான் போனபோது ஷெட்டில் இரண்டு பஸ் நின்றிருந்தன. பஸ் முதலாளி, மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னாலேயே ஆரம்பித்தேன்.

"நீங்க செஞ்ச பிரேக்ல வண்டி சுத்திடுச்சு. நானும் என் வீட்டுக்காரரும் செத்திருப்போம். உங்க ஊர் நிலத்துக்கும் என் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

மெக்கானிக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக.

"எங்க வூட்டு நெலத்தை அளந்துட்டுப் போனாங்க, நெசந்தான். அதுக்கு நானு பொம்பள ஓட்டுற காரைக் கவுக்கணுமா? நீங்க படிச்சவங்க. இப்படிப் பேசலாமா?"

"அப்ப பின்னாடி ஏன் முதல்ல புடிக்குது?"

"எனக்குத் தெரியாது. இந்த வண்டிய இனிமே நான் தொடமாட்டேன். கெளம்புங்க."

பஸ் முதலாளி தன் பஸ்ஸின் பின்சக்கரத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே நிரூபித்துக்கொள்வதற்காக அடிக்கடி பிரேக் பிடித்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கியதும் பின்சக்கரத்தருகே கை வைத்தேன். டிரம் அடுப்பு மாதிரி கொதித்தது. "பாத்தீங்களா?" என்று வெற்றியோடு கணவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து, கம்பிகளுக்கு நடுவே விரல் விட்டு, முன்பக்கத்து டிஸ்கைத் தொட்டார்.

"இது என்ன, இளஞ்சூடுதான் இருக்கு? அதிகம் வேலை செய்யறது முன்னாடின்னு நீதானே சொன்னே?"

நானும் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்பத் தொட்டேன். கை தாங்குகிற சூடுதான்.

அந்தப் பந்தயப் பேட் நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். பந்தயத்தில் அது சரி. டவுன்ஷிப் வேகத்தில் அது கடைசிவரை சூடேறாமல், டிஸ்கின் மேல் ஓட்டுத்துண்டு மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது. முன்னால் பிடிக்காததால் நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். அந்த அழுத்தம் பின்னாலும் போனது. பின் பிரேக் ஆயில் கசிந்து பலமில்லாமல் இருந்தவரை இது வெளியே தெரியவில்லை. வண்டி மெதுவாக நின்றது, பழைய வண்டி அப்படித்தான் என்று நினைத்தேன். மெக்கானிக் பின்பக்கத்தை ஒழுங்காகச் செய்து கொடுத்ததும், முன்னால் நான் செய்த தப்பு வெளியே வந்துவிட்டது.

கடலூரில் சாதாரணப் பேட் செய்து வாங்கி மாட்டினேன். மறுபடி சாக்பீஸ் கோடு, மறுபடி அதே ரோடு. முன்சக்கரம் ஒரு நொடி முந்தி நின்றது. வண்டி கோடு கிழித்தாற்போல் நேராக நின்றது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அடுத்த நாளே ஷெட்டுக்குப் போனேன். பஸ்கள் இல்லை. மெக்கானிக் ஒரு டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவர் வெளியே வரவில்லை.

"சரிங்க," என்று அடியிலிருந்தே குரல் வந்தது. சற்றுப் பொறுத்து, "எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? பஸ்ஸு ரெண்டும் அன்னிக்கே வேற ஷெட்டுக்குப் போயிடுச்சு," என்றார்.

நான் மேல்பட்டாம்பாக்கம் போனேன், அதே காரில். பஸ் முதலாளி வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னால் நம்பமாட்டார் என்று, "ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க சார்," என்றேன். பருத்த உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தச் சின்ன இருக்கையில் ஒரு தோளை வெளியே விட்டபடி உட்கார்ந்தார். ஊருக்கு வெளியே வந்ததும் வேகம் எடுத்து ஓங்கி மிதித்தேன். வண்டி நேராக நின்றது. அவர் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது.

"தப்பு என்னோடது சார். நான் மாட்டின முன் பேட். அவர் வேலை சுத்தமான வேலை."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அவன்தான் உங்களை அனுப்பினானாம்மா?"

"இல்லைங்க."

"அன்னிக்கு அந்தப் பேச்சு பேசினீங்க. இன்னிக்கு இவ்ளோ தூரம் வந்து இப்படிச் சொல்றீங்க. எதை நம்பறது, சொல்லுங்க?"

ஒருவர்மேல் சந்தேகத்தைப் போட எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அதை எடுக்க என்னால் முடியவில்லை. இப்போது அதில் பாதி என் மேலும் வந்துவிட்டது. அவரைத் திரும்ப வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டேன். "சரி, அவன் மேல தப்பில்லன்னு வச்சிக்குவோம்," என்று சொல்லி இறங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்து ஒரு பஸ் அந்த ஷெட்டுக்குத் திரும்ப வந்தது. இன்னொன்று வரவே இல்லை. செக்‌ஷனில் அந்தச் சீனியரிடம் நடந்ததைச் சொன்னேன். "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க மேடம்," என்றார். அதன்பிறகு அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் வண்டியில் பிரேக்கை இயக்கும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு வந்தது. கடலூரில் யாருக்கும் அது பிடிபடவில்லை. தயங்கித் தயங்கி முத்தாண்டிக்குப்பத்து மெக்கானிக்கிடமே போனேன். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"செய்றேன். ஆனா நீங்க எங்கயும் போகக்கூடாது. முடியிற வரைக்கும் பக்கத்துல நின்னு பாக்கணும்."

மூன்று மணி நேரம், தகர ஷெட்டுக்குள், வெயில் நேரம். ஒவ்வொரு நட்டைக் கழற்றும்போதும் அவர் நிமிர்ந்து நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். நான் பார்த்தேன். நடுவில் டீ வந்தது. எனக்கும் ஒரு கிளாஸ் சொல்லியிருந்தார். அதைப் பெஞ்சின் மறுகோடியில் வைத்தார். வேலை முடிந்ததும் என்னை ஏறச் சொல்லாமல், தானே முந்திரித் தோப்பு வரை ஓட்டிப் போய்விட்டு வந்தார்.

"நேரா நிக்குது. நீங்களும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க," என்றார்.

"நீங்க பாத்ததே போதும்," என்றேன்.

"போதாது மேடம். ஓட்டிப் பாருங்க."

நான் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்து நின்ற பஸ்ஸின் சக்கரத்தைக் கழற்றப் போனார்.