டிரைவிங் டீச்சருக்குப் பதினேழு வயசு முகம்

டிரைவிங் ஸ்கூல் தொழிலில் காடி நன்றாக ஓடினால் மட்டும் போதாது. சொல்லிக் கொடுப்பவரைப் பார்த்தால் கொஞ்சம் பயமும் வரவேண்டும். என்னைப் பார்த்து ஒரு பூனைகூடப் பயந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில் என் அண்ணன் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் காடி ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள். முகம் மட்டும் ஐந்தாம் பாரம் படித்த பதினேழு வயதோடு நின்றுவிட்டது.

"உனக்கென்ன, கொடுத்து வச்சவ" என்று சொல்லும் தோழிகள் இதைப் படிக்கவேண்டாம். கடைக்குப் போனால் "அம்மாவக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பப்படும் சகோதரிகள் மட்டும் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

முதல் மாணவி

சாப்பாட்டுக்கடை முதலாளியின் மனைவி ஜெய்த்தூன் அக்காதான் என் முதல் மாணவி. நான் காடிக் கதவைத் திறந்து, "ஏறுங்க அக்கா" என்றேன். ஏறினார். பின் சீட்டில். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னால வாங்க அக்கா, ஆரம்பிக்கலாம். நான்தான் சொல்லிக் கொடுக்கப் போறேன்" என்றேன். அவர் என்னை ஜடையிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்தார். பிறகு மிகவும் அன்பாகச் சொன்னார்: "பரவால்ல லா, அவசரமில்ல. உங்கம்மா வர்ற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்."

வேஷம்

ஜெய்த்தூன் அக்கா கடைசியில் வேறு டீச்சர் கேட்டுப் போய்விட்டார். இன்னும் ஒருவர் இப்படிப் போனால், என்னை ஆபீசில் போன் எடுக்க உட்கார வைத்துவிடுவதாக அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கோ காடியை விட்டால் உயிரே போய்விடும். அதனால் மறுநாள் கொண்டை போட்டேன். மாமியாரின் அரக்குக் கலர் புடவையைக் கட்டினேன். பாசார் கடையில் பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன்.

புடவைக் கொசுவம் டீச்சர் பக்கம் தனியாக இருக்கும் பிரேக்கில் சிக்கிக் கால் இடறியது. கண்ணாடி வியர்வையில் மூக்கு நுனிவரை வழுக்கி வந்தது. நொண்டிக்கொண்டே ஆபீசுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து அண்ணன் சொன்னது: "நேத்து வரைக்கும் ஐந்தாம் பாரத்துப் பிள்ளை மாதிரி இருந்த. இன்னிக்கு ஐந்தாம் பாரத்துப் பிள்ளை ஸ்கூல் நாடகத்துல பாட்டி வேஷம் போட்ட மாதிரி இருக்க."

ரோட்டில் போலீஸ்

காமாட்சி அக்காவுக்கு ஐம்பது வயது. பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் சில்லறைக்கடை வைத்திருந்தார். புருஷனுக்குக் கண் மங்கிப்போனதால், டவுனிலிருந்து சாமான் ஏற்றிவர அவரே வேன் ஓட்டவேண்டிய நிலை. நல்ல உயரம், நெற்றி நிறையப் பொட்டு. எங்கே போனாலும் அவருக்குத்தான் முதலில் நாற்காலி போடுவார்கள்.

ஒருநாள் டவுன் நெரிசலைத் தாண்டும் வரைக்கும் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு தமிழ்ப் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். லைசனை எடுத்துக் கொடுத்தேன். பிறந்த வருஷத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கக்கா லைசனையெல்லாம் தூக்கிக்கிட்டு வரக்கூடாது தங்கச்சி" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. குனிந்து பக்கத்து சீட்டில் இருந்த காமாட்சி அக்காவிடம், "டீச்சர், நீங்க இந்தப் பக்கம் வந்து ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார் மரியாதையாக.

காமாட்சி அக்கா அதுவரை இரண்டாவது கியரைத் தாண்டியதே இல்லை. காடியின் முன்னும் பின்னும் இருந்த எல் போர்டுகளை நினைத்துக்கொண்டார் போலும், முகம் வெளுத்துவிட்டது. சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போலீஸ்காரரிடம் சொன்னார்: "நான் ஓட்டணும்னா, நீங்களும் ஏறி உக்காருங்க. போனா எல்லாரும் சேந்தே போவோம்!"

சம்பந்தம்

சரோஜா என்ற பெண் காடி பழக வரும்போதெல்லாம் அவள் அம்மாவும் துணைக்கு வந்து பின் சீட்டில் உட்காருவார். மகள் கியர் போட, அம்மா எனக்கு முறுக்கு கொடுப்பார். நாலாவது முறுக்கில் விஷயம் வெளியே வந்தது. தைப்பிங்கில் அரசாங்க வேலையில் இருக்கும் தன் மகனுக்கு என்னைக் கேட்டார். சங்கிலி அறுப்புக்குப் பயந்து வேலை நேரத்தில் தாலியை வீட்டில் கழற்றி வைப்பது என் வழக்கம். எனக்குக் கல்யாணமாகிவிட்டது என்றேன். நம்பவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லும்மா" என்று கண் கலங்கிவிட்டார்.

வேறு வழியில்லாமல், ஸ்கூல் விட்டு வந்துகொண்டிருந்த என் மூத்தவனைக் கூப்பிட்டு காடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். என்னைவிட ஒரு சாண் உயரம். "நான் உனக்கு யாருடா, சொல்லு" என்றேன். "அம்மா" என்றான். சரோஜாவின் அம்மா பெருமூச்சு விட்டார்: "ஏம்மா, வேண்டாம்னு சொல்றதுக்குத் தம்பிக்குமா பொய் சொல்லிக் கொடுப்ப?"

டெஸ்ட்

காமாட்சி அக்காவுக்கு டெஸ்ட். அன்று அவர் பாசானால்தான் அண்ணனிடம் என் வாய் நீளும். காலையிலிருந்து அவருக்கு ஒரே பயம். டெஸ்ட் எடுக்கும் அதிகாரி வருவதற்குச் சற்று முன்னால், "இதோ வாரேன்" என்று கழிவறைக்கு ஓடிவிட்டார். நான் காடியை வரிசைக்கு நகர்த்தி நிறுத்திவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மலாய்க்கார அதிகாரி வந்து பக்கத்தில் ஏறி, "ம், எடு" என்றார். காடியின் பிரேக்கைச் சோதிக்கிறார் என்று நினைத்து எடுத்தேன். ஒரு கையை ஸ்டியரிங்கிலும் ஒரு கையைக் கியரிலும் போட்டு, பழகிய தோரணையில் ஒரு சுற்று வந்து நிறுத்தினேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கண்ணாடி பார்க்கவில்லை, தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, நீ பெயில் என்றார். "உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? முதல்ல அந்த ஆள மாத்து" என்றார் மலாயில்.

அந்த ஆள் நான்தான் என்று எப்படிச் சொல்வது? நல்ல வேளை, காமாட்சி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி ஓடிவந்தார். அவருடைய அடையாளக் கார்டைப் பார்த்ததும் அதிகாரி என்னை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் காடியில் ஏறினார். காமாட்சி அக்கா கண்ணாடி பார்த்தார், தோள் திரும்பிப் பார்த்தார், நான் கத்திக் கத்திச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். பாஸ்! கீழே இறங்கி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். டெஸ்டுக்கு வரிசையில் நின்ற இன்னொரு அக்கா என் அழுகைக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு முதுகைத் தட்டினார்: "வருத்தப்படாத லா. இன்னுங் கொஞ்சம் பழகு, அடுத்த வாட்டி நீயும் பாசாயிருவ."

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்: என் முகத்துக்குப் பதினேழு வயது கொடுத்த ஈப்போ ஜனங்களில் ஒருவர்கூட, பிரேக்கை மிதித்து மிதித்து நொந்துபோன என் முழங்காலுக்கு ஒரு வருஷம் குறைத்துக் கொடுத்ததில்லை.