தட்டிப் பார்த்த பலகை

அந்த அலுமினியப் பானை ஏன் ஒரு பக்கம் சப்பையாகிக் கிடக்கிறது என்று தெரியாவிட்டால் உனக்குச் சோறு இறங்காதா? பேத்தி என்று பார்த்தால் போலீஸ்காரி மாதிரி கேட்கிறாய். சரி, கேட்டுத் தொலை. அதில் ஒரு நாள் நான் பலகை வேகவைத்தேன்.

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே துள்ளிக்கொண்டிருந்த நேரம். அப்போதும் காஜா பெராங்கில் இதே வீடுதான். உன் தாத்தா பகலில் ரோட்டு வேலை, திருவிழா வந்தால் உறுமி மேளம். அவர் கை சும்மா இருக்காது. மேளம் இல்லாத நாளில் நான் இருந்தேன். அவருக்குத்தான் திடீரென்று சம்பான் கட்டும் ஆசை வந்தது. உஜோங் பாசிர் கடற்கரை வரை இரண்டு பேர் தலையில் வைத்துத் தூக்கிப்போகும்படி சின்னதாக, லேசாக ஒரு படகு. மெர்டேக்கா அன்று கடலில் அதில் உட்கார்ந்து உறுமி அடிப்பாராம். முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவது நானாம். முழங்காலில் தண்ணீர் பட்டாலே முருகனைக் கூப்பிடுகிறவள் நான். நீச்சல் தெரியாது, வரமாட்டேன் என்றேன். முதுகில் இரண்டு விழுந்தது. அதோடு சம்மதம் ஆகிவிட்டது.

பலகைக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். சுமந்து வர ஆள் வேண்டுமே! கடை முதலாளி, சீனத் தவுக்கே, ஓர் அடுக்கைக் காட்டினார். அழுக்கு நிறம், நல்ல கனம். படகுக்கு இதுதான், மெரின் பிளைவுட் என்றார். பக்கத்தில் வேறோர் அடுக்கு, முகம் வழவழவென்று இருந்தது. உன் தாத்தா இரண்டிலும் காதை வைத்து, மேளத்துக்குத் தோல் பார்ப்பது போல விரலால் தட்டினார். அழுக்குப் பலகை தொப்பென்றது. வழவழப்பு ணங்கென்று பாடியது.

“இதுதான் பலகை! அது செத்த மாட்டுத் தோலு” என்றார்.

தவுக்கே தலையில் அடித்துக்கொண்டார். அது அலமாரிக்கு ஆகிறது, தண்ணீர் பட்டால் பசை விட்டு ஏடு ஏடாகப் பிரியும், நம்பாவிட்டால் ஒரு துண்டை வேகவைத்துப் பார் என்று மலாயில் கத்தினார்.

“இருபது வருஷமா அடிக்கிறேன் தவுக்கே. என் காதுக்குத் தெரியாத சத்தமா?”

பாடிய பலகைதான் வீட்டுக்கு வந்தது, என் தலைமேல்.

அவர் அறுத்துப் போட்டதில் முழ நீளத் துண்டு ஒன்றை மறுநாள் காலையே பானையில் போட்டுக் கொதிக்கவிட்டேன். நடுக்கடலில் பிரிவதற்குப் பதில் அடுப்படியில் பிரியட்டும் என்று. மத்தியானம் பசியோடு வந்தவர் மூடியைத் திறந்தார்.

“என்னடி இது?”

“மீன் கிடைக்கலீங்க. உங்க சம்பானையே கொழம்பு வச்சுட்டேன்.”

வாய் சும்மா இருந்திருக்கலாம். முதல் அறையில் கடைவாய்ப் பல் ஆடியது. கொண்டையைப் பிடித்து நிலைக்கட்டையில் இரண்டு முறை மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. பானையைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அந்தச் சப்பை அப்போது விழுந்ததுதான். கொதிநீர் தெறித்து என் காலில் தோல் உரிந்தது. ஆவி பறக்க அந்தப் பலகை என் முன்னால் கிடந்தது. முந்தானையைக் கையில் சுற்றி அதை எடுத்தேன். கடலில் சாவதா, இங்கேயே சாவதா என்று மட்டும்தான் தோன்றியது. முழு பலத்தோடு அவர் இடது காதில் வீசினேன்.

பலகை மூன்று ஏடாகப் பிரிந்து தரையில் விழுந்தது. அவரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக, ஒவ்வோர் ஏடாக எடுத்துப் பார்த்தார். நடு ஏட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மரமே இல்லை, வெறும் ஓட்டை. அந்த ஓட்டைதான் அவருக்குப் பாடியிருக்கிறது.

“உள்ள ஒண்ணுமில்லாத வெறும் பொட்டிதான்டி இது” என்றார், யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல.

அடிப்பதை அன்றோடு விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குப் பிறகு கையை ஓங்கும் முன் அடுப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வார். தொப்பென்ற பலகையில்தான் சம்பான் கட்டினார். நானும் ஏறினேன், முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவருடைய இடது காதுக்கு மட்டும் கடைசிவரை கேட்கும் சக்தி திரும்பவில்லை.

அவர் போய்விட்டார், சம்பானும் போய்விட்டது. இந்தப் பானையில் இன்னும் சோறு வேகிறது, சப்பைப் பக்கம் கொஞ்சம் அடிபிடிக்கும், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். “என்னக்கா சத்தம்? நெத்தியெல்லாம் ரத்தம்!” என்றார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

“ஒண்ணுமில்ல. சம்பானுக்குப் பலகை தட்டிப் பாத்தோம்.”