மண் இளகும்வரை

மிஸ் எட்னா காலமான செய்தி சென்ற வியாழக்கிழமை காலைத் தபாலில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவில், மினசோட்டாப் பண்ணையிலிருந்து அவருடைய தங்கை எழுதியிருந்தார். மார்ச் முதல் வாரத்தில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். "நிலம் இன்னும் கல்லாய் உறைந்து கிடக்கிறது, குழி வெட்ட இயலவில்லை. மண் இளகும்வரை பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் வைத்திருக்கிறோம்." அவ்வரியை வாசித்தபின் அன்று முழுவதும் என்னால் ஓரிடத்தில் அமர முடியவில்லை. மறுநாளே அடக்கம் முடித்துப் பழகிய நமக்கு இது பொறுக்கக்கூடியதா? கடிதம் கடல் கடந்து வர ஆறு வாரங்கள் சென்றிருக்கின்றன. இப்போது மண் இளகிவிட்டதா? கேட்டெழுதினால் விடை வர இன்னும் மூன்று மாதம்.

நம் மாதர் சங்கத்துச் சகோதரிகளாகிய நீங்கள் அவரைத் தையல் ஆசிரியையாக அறிவீர்கள். எனக்கு அவர் மாணவி. பள்ளிக்கூட வாசலை ஒருநாளும் மாணவியாக மிதியாமல், அகராதிகளைத் துணைக்கொண்டு தமிழ், ஆங்கிலம் இரண்டையும் கற்றவள் நான். அமெரிக்க மிஷன் பணிக்காக இங்கு வந்த அவருக்குத் தமிழ் கற்பிக்க என்னைத்தான் அமர்த்தினார்கள். இலக்கணச் சுத்தமாகவே கற்பித்தேன். அவரோ என்னிடம் பாடம் கேட்டுவிட்டு, வாசலில் மீன்காரியிடம் வேறு தமிழில் பேரம் பேசுவார். "உங்கட தமிழில கேட்டு முடிய மீன் பழுதாப் போயிடும், டீச்சர்" என்பார்.

மார்ச் பிறந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. இங்கே வெயில் தகிக்கும். அவர் கடலோர ரயில் பாதைவரை நடப்பார், திரும்புவார், மீண்டும் நடப்பார். "அங்க இப்ப பகலில பனி உருகும், ராவில திருப்பி உறையும். சேத்தில சப்பாத்துப் புதைஞ்சு காலை விட்டுக் கழண்டிடும். மேப்பிள் மரத்தில ஓட்டை போட்டு, சாறு வடிய வாளி கட்டியிருப்பினம்." ஆண்டுதோறும் அம்மாதத்தில் பயணப்பெட்டியை அடுக்குவார். ஏப்ரல் இடிமழை தொடங்கியதும் பிரித்து, புடவைகளை அலமாரியில் வைப்பார்.

ஒருநாள் தையல் வகுப்பில், குளிருக்குத் தப்பக் கன்றுக்குட்டியை வீட்டுக்குள் வைத்து வளர்த்த கதையைச் சொன்னார். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் பிலோமினா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"குசினிக்குள்ளயோ, மிஸ்?"

"ஓம், அடுப்புக்குப் பக்கத்தில."

"அம்மா ஏச மாட்டாவோ?"

"அம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தவ. எங்களைத்தான் வெளியில போகச் சொன்னவ!"

அன்று ஒருத்தியும் ஒரு தையலும் போடவில்லை.

யுத்தம் முடிந்து கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் அவர் ஊர் திரும்ப மிஷன் கப்பலில் இடம் பெற்றுக்கொடுத்தது. ஆனால் வயதாகிவிட்டதால், போனால் திரும்பி வர இயலாது. அவர் என் வீட்டுக்கு வந்தார்; நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

"டீச்சர், நீங்கள் சொல்லுங்கோ. போகட்டோ, நிக்கட்டோ?"

அவர் இங்கேயே தங்கிவிட வேண்டும் என்பதே என் ஆசை. நான் சொன்னதோ, "தங்கள் திருவுளம் எதுவோ, அதுவே எமக்கும் உவப்பு" என்பது.

"இது புத்தகம் கதைக்குது. நீங்கள் கதையுங்கோ."

அதையே இன்னும் அழகாகச் சொன்னேன். கெஞ்சுவது எனக்குத் தாழ்வாகத் தோன்றியது. இரண்டு வாரத்தில் கப்பலேறினார்.

தங்கையின் கடிதத்துக் கடைசிப் பக்கத்தை இன்னும் சொல்லவில்லை. பிப்ரவரி முடியும் நாட்களில், தெற்குச் சுவரோரம் பனி கரையத் தொடங்கியதும், எட்னா விறாந்தையில் ஓயாமல் நடந்தாராம். "வெள்ளவத்தைக் கடல் இப்போது அலையில்லாமல் கிடக்கும், நான் போக வேண்டும்" என்றாராம். அதன்கீழே தங்கை கேட்டிருக்கிறார்: "அங்கே யாராவது அவளைக் கூப்பிட்டிருந்தீர்களா?"

பதில் எழுத அமர்ந்து, நல்ல வாக்கியங்களாக எழுதிய நான்கு தாள்களைக் கிழித்தேன். 'போகட்டோ, நிக்கட்டோ' என்ற கேள்வியைத்தான் அவர் நினைவாக நான் வைத்திருக்கிறேன். அதற்குரிய விடை இனி யாருக்கும் பயன்படாது. இன்றைய தபாலில் போகும் ஐந்தாவது தாளில் இரண்டே வரிகள்: "ஒருவரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டிருக்க வேண்டும்."