அரை அங்குல நட்டு

ராஜாங்கத்தைப் பற்றிக் கேட்டால் நெல்லித்தோப்பில் எல்லோரும் நல்ல டிரைவர் என்பார்கள். பொல்லாத டிரைவர் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். செருப்பில் சேறு இருந்தால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், துடைத்துவிட்டுத்தான் அவர் காரில் ஏற முடியும். பன்னிரண்டு வருஷம் ஒரு பிரெஞ்சு இன்ஜினீயரிடம் வண்டி ஓட்டியவர். ஐம்பத்துநாலில் அந்த முசியே கப்பல் ஏறியபோது, இடதுபக்கம் ஸ்டியரிங் வைத்த பழைய கறுப்புக் காரை இவரிடமே விட்டுப் போனார். அதை வாடகைக்கு ஓட்டித்தான் மகள் சுலோசனாவைக் கட்டிக்கொடுத்தார்.

அவர் வீட்டு ஓரத்து அறையில் நான் குடியிருந்தேன். கடலூரிலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா. பிரெஞ்சுக்காரன் போய் நம் சர்க்கார் வந்ததும் என்னைப்போல் பலரை இங்கே அனுப்பினார்கள். நாங்களும் புதுச்சேரிக்காரர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோம். அந்தத் திமிர் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். சுலோசனாவுக்குத் தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். பாகூர் தாண்டி ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புதன்கிழமை நல்ல நாள் பார்த்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. ஆனால் காரின் ஸ்டியரிங்கில் ஆட்டம் வந்திருந்தது. கால் சுற்று திருப்பினாலும் சக்கரம் அசையாது, அசைந்தால் வேண்டியதற்கு மேலே போகும்.

"புள்ளத்தாச்சிய இந்த ஆட்டத்துல உக்கார வெச்சு ஓட்ட மாட்டேன்" என்று ராஜாங்கம் வீட்டு வாசலில் முருங்கை மரத்தடியிலேயே வண்டியைச் செங்கல் அடுக்கித் தூக்கி நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இரண்டு சக்கரத்தையும் சேர்த்து இழுப்பது ஒரு இரும்புத் தண்டு. அதன் முனையில் இருக்கும் குண்டு மூட்டு தேய்ந்து போயிருந்தது. பிரான்சிலிருந்து சாமான் வருவது நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. பக்கத்திலிருந்த சாரம் கிராமத்தில் ஓடாமல் கிடந்த இதே ரக வண்டி ஒன்றிலிருந்து நல்ல மூட்டு ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்தார். அதை இறுக்கிப் பிடிக்கும் நட்டு மட்டும் இல்லை. அவருடைய வண்டியின் பழைய நட்டோ துருப்பிடித்து இறுகிக் கிடந்ததால் உளி வைத்து இரண்டாக வெட்டித்தான் எடுக்க முடிந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போகவேண்டியிருந்தது. வெட்டிய நட்டின் இரண்டு பாதிகளையும் பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"வடிவேலு, கடைல இத்தக் காட்டு. மெட்ராஸ்ல இருக்கறதெல்லாம் அங்குலக் கணக்கு. இது மீட்டர் கணக்குல வெட்டுன மரை. வாயால சொல்லாத, காட்டி வாங்கு."

"ஒரு நட்டு வாங்கத் தெரியாதாண்ணே எனக்கு?" என்றேன்.

அறைக்குப் போய்ப் பேப்பரைப் பிரித்தேன். பாதிகளைச் சேர்த்து வைத்து என் ஆபீஸ் ஸ்கேலால் துளையை அளந்தேன். அரை அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. பழசு, நசுங்கியிருக்கும் என்று தீர்மானித்தேன். அதற்குள் பேப்பர் முழுக்க கிரீஸ் ஊறிவிட்டது. நானோ சலவைச் சட்டை போட்டிருந்தேன். அரை அங்குலம் என்று தெரிந்த பிறகு இந்த அழுக்கை எதற்குச் சுமப்பது? ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மெட்ராஸ் கடைக்காரன், "சாம்பிள் இருக்குதா சார்?" என்றுகூடக் கேட்டான். "அரை அங்குலம்தான்யா, கொடு" என்று அதட்டி வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜாங்கம் வண்டிக்கு அடியில் படுத்து அந்த நட்டை ஏற்றினார். சிக்கலே இல்லாமல் ஏறியது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாபா, லூசா ஏறுது. சாம்பிள் காட்டுனியா?"

"காட்டினேண்ணே."

இரண்டே வார்த்தை. நாக்கில் தானாக வந்துவிட்டது.

"அப்ப மரை வெட்டுனவன் கைதான் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினார். கடைசிச் சுற்றில் பிடிப்பு விட்டு வழுக்குவது அவர் முகத்திலேயே தெரிந்தது. அரைச் சுற்று பின்னால் வந்து, நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு கம்பிப் பின்னைச் செருகி மடக்கினார். "நாளைக்கு நானே போயி வேற வாங்கியாறேன். புதன்கிழமைக்குத்தான வேணும்" என்று எழுந்து கையைத் துடைத்தார். செங்கல்லை எடுத்து வண்டியை இறக்கினோம்.

பதினோரு மணிக்கு மருமகன் கிருஷ்ணசாமி சைக்கிளில் வந்து விழுந்தான். விடியற்காலையிலிருந்து வலி. பனிக்குடம் உடைந்துவிட்டது. தலைக்குப் பதிலாகக் கால் தெரிகிறதாம். மருத்துவச்சி என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று சொல்லிவிட்டாள். மாட்டுவண்டியில் வந்தால் ஐந்து மணி நேரம் பிடிக்கும்.

ராஜாங்கம் வேறு வண்டி தேடி ஓடினார். அன்று முகூர்த்த நாள். வாடகைக் கார்கள் எல்லாம் மாலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருந்தன. ஆஸ்பத்திரி வண்டியும் வெளியே போயிருந்தது. திரும்பி வந்தவர் காரில் ஏறி உட்கார்ந்தார். அவர் மனைவி செல்வாம்பாள் துணிமூட்டையோடு பின்னால் ஏறினாள், நான் முன்னால் ஏறினேன். கிருஷ்ணசாமி சைக்கிளிலேயே திரும்பினான். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வண்டி நின்றுவிடும், அந்தப் பெண் செத்துப்போவாள் என்று யோசித்ததாக இப்போது கதை கட்டலாம். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அரியாங்குப்பத்துப் பாலம் வருவதற்கு முன்னால் ஸ்டியரிங் ஒரு வெட்டு வெட்டியது. ராஜாங்கம் ஓரங்கட்டி இறங்கினார். நானும் கூடவே குனிந்து பார்த்தேன். நட்டு மேலே ஏறி வந்து பின்னை முட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பிப் பின்னும் பாதி அறுந்திருந்தது. அவர் நட்டைக் கையாலேயே உருவினார். உள்ளேயிருந்து இரும்புத்தூள் கேழ்வரகு மாவு மாதிரி கொட்டியது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, சாம்பிள் காட்டல. அரை அங்குலம்னு நானே..."

"மெதுவாப் பேசு. உங்க அண்ணி காதுல வுழும்."

அடித்திருந்தால் தேவலை. மரையின்மேல் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் நட்டை ஏற்றி, பின்னுக்குப் பதிலாக ஆணி ஒன்றைச் செருகி மடக்கினார். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினார். பானெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பின்னால் போட்டார்.

"மட்கார்டு மேல குப்புறப் படு. உள்ள அந்த ஆணி தெரியுதா? அதையே பாத்துக்கினு வா. அசைஞ்சுதுன்னா கத்து."

அப்படித்தான் போனோம். ஓட்டமும் நடையுமாகப் போகிறவனுடைய வேகம்தான். இன்ஜின் சூட்டில் என் முகம் வெந்தது. நான் ஆணியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கிராமத்துக்குப் போய்ச் சேர மணி இரண்டாகிவிட்டது.

சுலோசனாவைப் பின் சீட்டில் தாய் மடியில் படுக்க வைத்தார்கள். அவள் போட்ட சத்தத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ராஜாங்கம் நாலு தடவை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரோடு இறங்கி நட்டைத் திருகிவிட்டு ஏறினார்.

"ஏன்யா நிக்கிற? புள்ள துடிக்கிறது தெரியலையா? ஓட்டுய்யா!" என்று செல்வாம்பாள் கத்தினாள்.

"ரேடியேட்டர் சூடாவுது" என்றார்.

கீரைக்கட்டை வைத்துக் கட்டிய சைக்கிள் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. போகிறவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். காரின்மேல் குப்புறப் படுத்து வருகிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். கடவுளே, இந்த ஒரு நட்டு நிற்கட்டும், என் கை கால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் சுலோசனாவின் சத்தம் நின்றுவிட்டது. கத்தியபோது இருந்ததைவிட அந்த நிசப்தம் மோசமாக இருந்தது.

"ஐயோ, கண்ணு சொருவுதே" என்றாள் செல்வாம்பாள்.

ராஜாங்கம் ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டி பாய்ந்தது. பனைமரங்கள் ஓடின. ஆணி லேசாகச் சாய்வதைப் பார்த்தேன், பிறகு தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தேன். "அண்ணே!" என்று அலறினேன். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஏரிக் கரையை நோக்கிப் போனது. எப்படிப் பிடித்து நிறுத்தினாரோ தெரியாது. முன் சக்கரம் கரை விளிம்பில் நின்றது.

அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். அப்போதுதான் அவர் அழுவதைப் பார்த்தேன். அழுதுகொண்டே புது ஆணியைச் செருகினார், அழுதுகொண்டே கம்பியை முறுக்கினார். கை மட்டும் நடுங்கவே இல்லை. "ஒரு நட்டுடா" என்றார், என்னிடம் இல்லை, அந்த இரும்பிடம் சொல்வது மாதிரி. மறுபடியும் பழைய வேகம்தான். அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, ஒவ்வொன்றும் ஒரு யுகம்.

நாலரை மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். சுலோசனாவைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை ஆண். அதற்கு மூச்சு இல்லை. வழியிலேயே அடங்கியிருக்க வேண்டும், இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மனம் நோகவேண்டுமென்று சொன்னவர் அல்ல, கேட்டதற்குப் பதில் சொன்னார். ராஜாங்கம் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, துணியில் சுற்றித் தந்ததைக் கையில் வாங்கிக்கொண்டார். அடக்கம் செய்யப் போகும்போது நானும் எழுந்தேன். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

அதன் பிறகு அவர் என்னிடம் பேச்சைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. காலி பண்ணு என்று சொல்வார் என்று தினமும் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. நானாகப் போகவும் எனக்குத் துணிவில்லை. குற்றவாளிக்கு ஊரைவிட்டு ஓடுவது சுலபம் என்பதெல்லாம் சும்மா.

பதினைந்து நாள் கழித்து சுலோசனா வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். துக்கம் கேட்க வந்த பெண்களிடம் அவள் பேசுவது என் அறைவரைக்கும் கேட்டது.

"எங்கப்பா மாதிரி யாரும் ஓட்ட முடியாதுக்கா. நான் அந்த வலியில கெடக்குறேன், ஒரு பள்ளத்துல வுடல, ஒரு குலுக்கல் இல்ல. பூவைக் கொண்டாற மாதிரி கொண்டாந்தாரு. வேகமா வந்திருந்தா நானும் போயிருப்பேன்."

நான் வெளியே கிளம்பும்போது கூப்பிட்டாள். ராஜாங்கம் வாசற்படியில் உட்கார்ந்து கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அப்பா சொன்னாரு. எனக்கு வண்டி அதிரக்கூடாதுன்னு நீங்க அந்த வெயில்ல மட்கார்டு மேல படுத்து, பள்ளம் மேடு பாத்துச் சொல்லிக்கினே வந்தீங்களாமே. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்ணே."

எழுந்து போய், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, தன் கையாலேயே காபி எடுத்து வந்து நீட்டினாள். நான் ராஜாங்கத்தைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை.

"குடி வடிவேலு. ஆறிடப் போவுது" என்றார்.

வாங்கிக் குடித்தேன்.