அக்காவின் காதுக்கு வராத ஆமென்

எனக்குக் கடவுள் இல்லாமல் போனது இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசா பகுதியில், பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது. பலெர்மோவில் பஸ்ஸுக்கு நிற்கிறவனுக்கு எதையும் யோசித்து முடிக்க நேரம் உண்டு. வழக்கம்போல மனதுக்குள் ஜெபிக்கத் தொடங்கினேன். கேட்க அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை என்று பட்டது. பெரிய துக்கமெல்லாம் இல்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

துக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. நான் மோர்மன் என்கிற அமெரிக்கக் கிறிஸ்தவ சபைக்காரன். மன்னாரிலிருந்து வந்த எங்கள் சனம் முழுவதும் கத்தோலிக்கர். நான் மட்டும் பல்லரோ சந்தையில் மீன் வாங்கப்போன இடத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்ட இரண்டு அமெரிக்க மத ஊழியர்களோடு கதை கொடுத்து, கதை முற்றி, ஞானஸ்நானம் வரை போய்விட்டேன். அன்றைக்கு மீனும் வாங்கவில்லை. "மாதாவை விட்டுட்டுப் போட்டான்" என்று சொந்தக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். புருஷனை இழந்து ஊரில் தனியே இருந்த அக்காவை இங்கே கூப்பிட்டு, அவளையும் சபையில் சேர்த்தேன். அக்கா அங்கே மலர்ந்துவிட்டாள். சிசிலியப் பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவார்கள். அவளுக்கு இத்தாலியன் வராது, அவர்களுக்குத் தமிழ் வராது, ஆனாலும் பேச்சுக்குக் குறைவில்லை. நானே கூட்டிவந்து இருத்திய பந்தியில் அவள் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் எப்படி எழும்பிப் போவது?

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் இருந்து, மேடையில் சொல்வதை அவள் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சபையில் தேத்தண்ணியும் கோப்பியும் கூடாது. நம்பிக்கை போன பிறகும், நான் வேலைசெய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா அம்மா நீட்டும் கோப்பியை மறுத்து, வறுத்த பார்லித் தண்ணியையே குடித்தேன். கடவுளுக்குப் பயந்தல்ல, அக்காவின் மூக்குக்குப் பயந்து. அவளுக்குத் தெரிந்தால் அவளுடைய சந்தோஷமும் உடைந்துபோகும் என்று எனக்கு உண்மையிலேயே பயம்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். அன்று யாரும் எழும்பி மேடைக்குப் போய், தாம் விசுவாசிப்பதைச் சாட்சியாகச் சொல்லலாம். போன மாசி மாதம், எல்லாருடைய வயிறும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா என் முழங்கையில் இடித்தாள்.

"நான் கதைக்கப்போறன். நீ வந்து பக்கத்திலை நிண்டு இத்தாலியனிலை சொல்லு."

போய் நின்றோம். "கடவுள் இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். மொழிபெயர்ப்பவன் 'அவளுக்கு' என்று மாற்றக்கூடாது, அதுதான் வழக்கம். 'எனக்குத் தெரியும்' என்று மைக்கில் நானும் சொன்னேன். முன்வரிசைக் கிழவர் ஒருவர் என்னைப் பார்த்து மகிழ்ச்சியாகத் தலையாட்டினார். நல்லாய் மாட்டினோம் என்று நினைத்தேன். மாட்டியது அதற்குப் பிறகுதான்.

"என்ரை தம்பிக்கு இப்ப விசுவாசம் இல்லை" என்றாள் அக்கா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எனக்குச் சொல்லேல்லை. முந்தி ஒவ்வொரு ஜெபமும் முடிய என்ரை காதுக்குள்ளை ஆமென் எண்டுவான். இப்ப ஜெபத்தை மட்டும் சொல்லுறான், ஆமென் வாறேல்லை. ஆனா ஒரு ஞாயிறும் என்னைத் தனிய விடேல்லை. அவனை ஆரும் நெருக்காதேங்கோ. அவ்வளவுதான்."

அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். 'என் தம்பிக்குக் கொஞ்சம் களைப்பு' என்று சொல்லி இறங்கியிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எனக்குத் தெரியாமல் இவ்வளவு கவனமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவளுடைய வார்த்தையை எப்படி மாற்றுவது? ஒரு சொல் விடாமல் சொன்னேன். "என் தம்பிக்கு விசுவாசம் இல்லை" என்பதையும் என் வாயாலேயே மைக்கில் சொன்னேன். கடைசியில் அக்கா ஆமென் என்றாள், சபையும் சொன்னது. நான் சொல்லவில்லை.

சபையின் ஆயர் கிழமை நாட்களில் குழாய் திருத்துகிறவர். வாசலில் என் இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு, "அடுத்த ஞாயிறு கதிரை அடுக்க ஆள் தேவை, வருவாய்தானே?" என்றார். வருவேன் என்றேன்.

வழியெல்லாம் அக்கா இரவுச் சாப்பாட்டுக்கு என்ன கறி என்பதைப் பற்றியே கதைத்தாள். வீட்டுக்கு வந்து, உபவாசம் முடிந்ததும் குசினிக்குள் போனாள். எனக்குப் பழக்கமான, மறந்துபோன ஒரு வாசனை வந்தது. பால் விட்ட தேத்தண்ணி. ஒரு கோப்பைதான், எனக்கு மட்டும்.

"எப்ப அக்கா தேயிலை வாங்கினனீ?"

"போன வருசம். அரிசி டின்னுக்குப் பின்னாலை வைச்சனான். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன், நீ சொல்லுற பாடாய்க் காணேல்லை."

ஒரு வருடமாக ஒளித்து வைத்திருந்த தேயிலை. மணம் பாதி போயிருந்தது. குடித்து முடித்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.